நோட்டில் எழுதிய வாக்கு



தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. அச்சடித்த காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒருவரை நாணயமானவர் என்று நாம் பாராட்டும்போது அவருடைய மடியில் எத்தனை காசு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவார் என்பதையே கருதுகிறோம். காசுக்கும் வாக்குக்கும் ஒரே பெயரை இட்ட நம் முன்னோர், காகித நோட்டைக் கண்டதில்லை. ஆனால் காகித நோட்டின் உண்மையான இயல்பை விளக்குவதற்கு இந்த ஒரு சொல்லைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஏனெனில் நோட்டு என்பது அச்சிட்ட ஒரு வாக்குறுதியே அன்றி வேறில்லை.

நான் கொல்லிமலையில் பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வரலாற்றுப் பாடம் நடத்தும்போது விலை உயர்ந்த கருவிகளை நாடி நான் அலைந்ததில்லை. ஒரு ரூபாய் நோட்டை எடுத்து மாணவர் கையில் கொடுத்து, நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். இதில் வாக்குக் கொடுப்பவர் யார்? யாருடைய உருவம் இருக்கிறது? எந்தெந்த மொழிகளில் எழுதியிருக்கிறது? எந்த எல்லைக்குள் இது செல்லும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்த நோட்டை வெளியிட்ட ஆட்சி எத்தகையது என்பது விளங்கிவிடும். இன்று அதே கேள்விகளைக் கொண்டு, நம் நாட்டு நோட்டுகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

காகிதம் வருவதற்கு முன்னர் நம் நாட்டில் ஆட்சி செலுத்தியது வெள்ளி ரூபாய். அதன் நிறை 180 கிரெயின் அளவாகிய ஒரு தோலா; அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்த ரூபாயைக் கல்லில் சுண்டி, ஓசையைக் கேட்டே அது நல்லதா கள்ளமா என்று மக்கள் கண்டுகொண்டனர். அரசன் மாறினாலும், அரசே அழிந்தாலும், உருக்கினால் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். எங்கள் மலையிலோ மிளகும் சாமையும் தேனும் கொடுத்து, உப்பும் துணியும் வாங்கி வந்த காலம் நெடுங்காலம். மழையும் கறையானும் மிகுந்த இடத்தில் வாழ்கிறவர்கள் காகிதத்தைக் கண்டு ஐயுற்றதில் வியப்பில்லை. அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, இதை வெள்ளியாகக் கருதுங்கள் என்று சொல்வதற்குப் பெரிய துணிவு வேண்டும்.

அத்துணிவு முதலில் வங்கிகளுக்கு வந்தது. கல்கத்தாவில் வங்காள வங்கி, பம்பாயில் 1840 இல் தோன்றிய பம்பாய் வங்கி, சென்னையில் 1843 இல் தோன்றிய சென்னை வங்கி ஆகிய மூன்றும் தத்தம் பெயரில் நோட்டுகளை வெளியிட்டன. இவை பெரும்பாலும் நகரத்து வணிகர் கையில் புழங்கினவே ஒழிய, நாட்டுப்புறத்தை எட்டவில்லை. பிற்காலத்தில் இம்மூன்றும் 1921 இல் இம்பீரியல் வங்கியாக ஒன்றுபட்டன. அதுவே 1955 இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று.

1857 ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் கம்பெனி ஆட்சி முடிந்து, இந்தியா நேரே ஆங்கிலப் பேரரசின் கீழ் வந்தது. போர்ச் செலவால் கருவூலம் கடனில் மூழ்கியிருந்தது. நிதித்துறையைச் சீர்படுத்த ஜேம்ஸ் வில்சன் என்பவர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். நம் நாட்டில் வருமான வரியை 1860 இல் புகுத்தியவரும் அவரே. அரசாங்கமே நோட்டு வெளியிட வேண்டும் என்று திட்டம் வகுத்தவர், அதைக் காணாமலே அதே ஆண்டில் கல்கத்தாவில் மறைந்தார். அவர் வகுத்த திட்டம் சில மாற்றங்களோடு 1861 இல் காகிதச் செலாவணிச் சட்டமாயிற்று. அன்று முதல் நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்திற்கு மட்டுமே உரியதாயிற்று.

முதல் நோட்டுகளில் விக்டோரியா அரசியின் சிறிய உருவம் இருந்தது. ஒரு பக்கம் மட்டுமே அச்சு, மறுபக்கம் வெறுந்தாள். இங்கிலாந்தில் கையால் செய்த காகிதத்தில் அச்சிட்டுக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கள்ள நோட்டு அடிப்போர் விரைவிலேயே அதைப் பழகிக்கொள்ள, 1867 முதல் அரசியின் உருவத்தை எடுத்துவிட்டு, நுண்ணிய பின்னல் கோலங்களை அடியில் அச்சிட்ட புதிய வரிசையை வெளியிட்டனர்.

இங்கே நான்காவது கேள்வியை நினைவுகூருங்கள்: எந்த எல்லைக்குள் இது செல்லும்? அக்காலத்தில் நாடு பல செலாவணி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை வட்டத்து நோட்டுக்குரிய வெள்ளியைச் சென்னை வட்டத்தில்தான் உரிமையோடு கேட்டுப் பெறலாம். கல்கத்தாவிற்குச் சென்று கேட்க முடியாது. நாட்டின் ஒரு கோடியில் கொடுத்த வாக்கை மறுகோடியில் காப்பாற்ற வேண்டுமானால், அங்கேயும் வெள்ளியைக் குவித்து வைக்க வேண்டும். அதற்கு அரசாங்கம் ஆயத்தமாக இல்லை. 1903 முதல் 1911 வரையில்தான் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாக நாடு முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டன. இதற்கிடையே வணிகர் கையாண்ட ஓர் உத்தி சுவையானது. தபாலில் நோட்டு அனுப்பினால் வழியில் களவு போகக்கூடும். ஆகவே நோட்டை இரு பாதியாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது வந்து சேர்ந்தது என்று மறுமொழி கிடைத்த பிறகே மற்றப் பாதி புறப்படும். பெற்றவர் இரண்டையும் ஒட்டிப் பயன்படுத்திக்கொள்வார்.

காகிதத்தின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கைக்குப் பெருஞ்சோதனை, 1914 இல் தொடங்கிய முதல் உலகப் போர். வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு அதன் விலை ஏறியது. ரூபாயைச் செலவிடுவதைவிடப் புதைத்து வைப்பதே அறிவுடைமை என்று மக்கள் கருதத் தொடங்கினர். வேறு வழியின்றி அரசாங்கம் 1917 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சிட்டிருந்தார்கள். காசு இல்லை, காசின் படமாவது இருக்கட்டும் என்பது போல! அதனை அடுத்து இரண்டரை ரூபாய்க்கும் ஒரு நோட்டு வந்தது. 1918 இல் நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்போர் கூட்டம் பெருகியபோது, அமெரிக்க அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்து ஏறத்தாழ 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவிற்கு விற்று உதவியது. வாக்குக் காப்பாற்றப்பட்டது, ஆனால் கடல் கடந்து வந்த வெள்ளியால் காப்பாற்றப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. அதே வெள்ளிப் பஞ்சத்தைக் காரணமாகக் காட்டி, ஐதராபாத் நிஜாமும் 1918 இல் தமக்கெனத் தனி நோட்டு வெளியிடும் உரிமையைப் பெற்றார்.

புதுச்சேரியையும் காரைக்காலையும் மறக்கலாகாது. அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தமையால், 1875 இல் தோன்றிய இந்தோசீன வங்கி அங்கே ரூபாய்க் கணக்கில் நோட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் துய்ப்ளேயின் உருவம் இருந்தது. சென்னைப் பக்கத்துத் தமிழர் மடியில் ஆங்கில மன்னர். புதுச்சேரித் தமிழர் மடியில் பிரெஞ்சு ஆளுநர். மொழியாலும் பழக்க வழக்கங்களாலும் ஒன்றான மக்கள்; மடியில் இருந்த தாள் மட்டும் இருவேறு அரசுகளின் சொல்லைச் சுமந்தது. 1954 நவம்பரில் புதுச்சேரி நம்மோடு இணைந்தபோது அந்நோட்டுகளின் காலமும் முடிந்தது.

1923 முதல் மன்னர் உருவம் தாங்கிய நோட்டுகள் வழக்கமாயின. 1928 இல் நாசிக் நகரத்து அச்சகத்தில் நம் நாட்டிலேயே நோட்டு அச்சிடத் தொடங்கினர். 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி பணி தொடங்கியது. அதன் பெயரில் முதல் நோட்டாகிய ஐந்து ரூபாய் நோட்டு, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடும் ஆளுநர் ஜேம்ஸ் டெய்லரின் கையொப்பத்தோடும் 1938 ஜனவரியில் வந்தது. முதல் கேள்விக்கு உரிய விடை இங்கே மாறுகிறது. இதுவரை வாக்குக் கொடுத்தவர் அரசாங்கத்தார். இனிமேல் வாக்குக் கொடுப்பவர் வங்கியின் ஆளுநர். அதற்கு உத்தரவாதம் தருவது அரசாங்கம். அந்த ஆளுநர் பதவியில் முதன்முதலாக ஓர் இந்தியர் அமர்ந்தது 1943 இல், அவர் சி. டி. தேஷ்முக்.

இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் வெள்ளிக்கு முடை. 1940 இல் ஒரு ரூபாய் நோட்டு திரும்பி வந்தது. இந்த நோட்டில் ஒரு விந்தை உண்டு. மற்ற நோட்டுகளில் உள்ள, இன்ன தொகையைத் தருவேன் என்னும் வாக்குறுதி இதில் இல்லை. சட்டத்தின் கண்ணில் இது நோட்டு அன்று. காகிதத்தால் ஆன காசு. பிற்காலத்து ஒரு ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இராது. நிதித்துறைச் செயலாளரின் கையொப்பமே இருக்கும். போட்டித் தேர்வுகளில் இதைக் கேட்பார்கள். காரணத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1944 இல் நோட்டின் ஊடே பாதுகாப்பு இழை புகுத்தப்பட்டது. ஜப்பானியர் மிகத் திறமையாக நம் நோட்டைப் போலவே கள்ள நோட்டு அடித்ததே அதற்குக் காரணம்.

அந்தப் போரில் நோட்டின் மற்றொரு முகத்தை மலேயாத் தமிழர் கண்டனர். சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்று குடியேறியவர்கள் அங்கே பல்லாயிரவர். 1942 இல் மலேயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய ஜப்பானியர் தம் பெயரில் டாலர் நோட்டுகளை வெளியிட்டனர். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் குலை தள்ளி நின்றமையால், மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றழைத்தனர். தொடக்கத்தில் நோட்டுக்கு வரிசை எண் இருந்தது. பின்னர் எண்ணும் இல்லை, கணக்கும் இல்லை, அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். அரிசி விலை நாளுக்கு நாள் ஏறியது. 1945 இல் ஜப்பான் சரணடைந்து ஆங்கிலேயர் திரும்பியதும், அந்த நோட்டுகள் செல்லாதவை என்று அறிவித்தனர். மூன்றரை ஆண்டுக் காலம் வியர்வை சிந்தி உழைத்துச் சேர்த்தவை, அடுப்பெரிக்கும் தாளாயின. வாக்குக் கொடுத்தவர் தோற்றுப் போனார், நம்பினவர் இழந்தார். இவ்விழப்பை யாரிடம் சென்று கேட்பது?

1947 இல் நாடு விடுதலை பெற்றது; நாடு பிரிந்தும் போயிற்று. அரசுகள் ஓர் இரவில் பிரியலாம், நோட்டுகள் பிரிவதில்லை. எனவே 1948 ஜூன் முடிய ரிசர்வ் வங்கியே பாகிஸ்தானுக்கும் பணியாற்றியது. 1948 ஏப்ரல் முதல், இந்திய நோட்டின் மேல் பாகிஸ்தான் அரசாங்கம் என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் அச்சிட்டு அங்கே வழங்கினார்கள். அதற்குச் சற்று முன்னர், போருக்குப் பிந்திய பர்மாவிலும் இவ்வாறே இந்திய நோட்டின்மேல் எழுத்துப் பொறித்து வழங்கியதுண்டு.

விடுதலை பெற்ற நாட்டின் நோட்டில் மன்னர் இருத்தல் தகாது. யார் இருப்பது? காந்தியடிகளின் உருவத்தையே முதலில் எண்ணினர், வரைபடங்களும் ஆயத்தமாயின. முடிவில் சாரநாத்து அசோகத் தூணின் சிங்கங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. 1949 இல் ஒரு ரூபாய் நோட்டிலும், 1950 இல் ரிசர்வ் வங்கியின் நோட்டுகளிலும் சிங்கங்கள் ஏறின. தனி மனிதர் ஒருவரின் முகம் இருந்த இடத்தில் குடியரசின் சின்னம் வந்து அமர்ந்தது. 1953 இல் இந்தி எழுத்துகள் முதன்மையாக இடம்பெற்றன. ரூபாய் என்பதற்கு இந்தியில் பன்மை எவ்வாறு எழுதுவது என்பது குறித்துக்கூட அப்போது வாதம் நடந்தது. இன்று நோட்டின் மொழிப் பட்டியலில் பதினைந்து மொழிகள் வரிசையாக நிற்கின்றன. முகப்பில் உள்ள இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் பதினேழு. அப்பட்டியலில் தமிழ் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழருக்கு மகிழ்ச்சி தந்த ஒரு நோட்டு 1954 இல் வெளிவந்தது. அது ஆயிரம் ரூபாய் நோட்டு. அதில் தஞ்சைப் பெரிய கோயிலின் படம்! இராசராசன் எடுப்பித்த விமானம் நாடு முழுவதும் பணமாக உலவியது. ஆனால் அதைக் கண்ணால் கண்ட ஏழைகள் மிகச் சிலரே. 1978 ஜனவரி 16 ஆம் நாள், கணக்கில் வராத பணத்தை ஒழிக்கும் நோக்கத்தோடு ஆயிரம், ஐயாயிரம், பதினாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அவசரச் சட்டம் பிறந்தது. தஞ்சைக் கோயில் நோட்டும் அன்றோடு மறைந்தது. இதற்கு முன்னும் 1946 இல் ஆங்கில அரசாங்கம், போர்க்காலக் கொள்ளை இலாபத்தை வெளிக்கொணர இதே முறையைக் கையாண்டது.

அறுபதுகளின் துன்பமும் நோட்டில் பதிந்திருக்கிறது. 1962 இலும் 1965 இலும் போர். அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966 ஜூனில் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மதிப்பு 7.50 ரூபாயாக மாற்றப்பட்டது. 1967 இல் சிக்கனம் கருதி நோட்டுகளின் அளவையே சுருக்கினார்கள். 1969 இல் காந்தியடிகளின் நூற்றாண்டு நினைவாக, சேவாகிராம ஆசிரமத்தின் முன் அவர் அமர்ந்திருக்கும் நோட்டு வெளிவந்தது. அப்போது தொடக்கப் பள்ளி மாணவனாக இருந்த எனக்கு, சட்டையணியாத ஒருவர் நோட்டில் இருப்பது பெருவியப்பாக இருந்தது. ஐந்து ரூபாய் நோட்டில் உழவு டிராக்டரும், நூறு ரூபாயில் ஹிராகுட் அணையும், இரண்டு ரூபாயில் ஆரியபட்டா செயற்கைக் கோளும் வந்தன. உணவும் ஆலையும் அறிவியலும் என்று நாடு எதை நோக்கி நடந்ததோ, அதுவே நோட்டில் படமாயிற்று. 1996 முதல் காந்தியடிகளின் முகம் ரிசர்வ் வங்கியின் நோட்டுகளில் நிலைபெற்றது. பார்வையற்றோர் விரலால் தடவி அறியும் குறியும் அப்போது சேர்க்கப்பட்டது.

2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் அன்று நள்ளிரவு முதல் செல்லா என்று அறிவிப்பு வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு டிசம்பர் 30 வரையில் வங்கியில் செலுத்தலாம் என்றார்கள். அப்போது நான் பணியில் இருந்தேன். சில நாள் கழித்து, என் மாணவி ஒருத்தியின் பாட்டியார் பள்ளிக்கு வந்தார். மிளகும் காப்பிக் கொட்டையும் விற்றுச் சேர்த்த நோட்டுகளைப் பழந்துணியில் முடிந்து, சாமைப் பானைக்குள் வைத்திருந்தாராம். முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்து, "வாத்தியாரய்யா, இந்தக் காந்தி செல்லாதாம், புதுக் காந்திதான் செல்லுமாம். ரெண்டும் ஒரே காந்திதானே?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்த பாடமே விடை. "அம்மா, மதிப்பு காந்தியில் இல்லை, தருவேன் என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லை இப்போது மாற்றிக்கொண்டார்கள். ஆனால் குறித்த நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள்" என்றேன். அவருக்குக் கணக்கு இல்லை. விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பேத்தி உடன் செல்ல, இரண்டு நாள் வரிசையில் நின்று செலுத்தினார். பணம் பிழைத்தது, எனினும் அதைச் சிறிது சிறிதாகக் கையில் பெற வாரங்கள் பல ஆயின, அந்தப் பருவத்து விதைக்கும் கூலிக்கும் அவர் கடன் வாங்க நேர்ந்தது.

அந்நடவடிக்கையின் நன்மை தீமைகளைப் பொருளியல் அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். செல்லாதவையாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பி வந்ததாக ரிசர்வ் வங்கி பின்னர் அறிவித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் நால்வரின் கருத்தால், அது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது, ஒருவர் மாறுபட்டார். இரு பக்கத்து வாதங்களையும் படித்து நீங்களே முடிவு காணுங்கள். நான் குறிப்பது ஒன்றே. நோட்டில் எழுதிய சொல்லை மாற்றும் அதிகாரம் தலைநகரில் இருக்கிறது. மாற்றத்தின் சுமை, வங்கிக்கு வெகுதூரத்தில் வாழ்பவர் மேல்தான் மிகுதியாக விழுகிறது. நாளை உங்களில் சிலர் இத்தகைய முடிவுகளை எடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இன்று நூறு ரூபாய் நோட்டைக் கொண்டுபோய், எழுதியபடி கொடு என்று கேட்டால் என்ன கிடைக்கும்? வெள்ளி கிடைக்காது, நூறு ரூபாய்க்கு வேறு நோட்டோ காசோதான் கிடைக்கும். வெளியிடும் நோட்டுகள் அனைத்திற்கும் ஈடாக, குறைந்த அளவு 200 கோடி ரூபாய் மதிப்புள்ள பொன்னும் அயல்நாட்டுச் சொத்தும், அதில் 115 கோடிக்குப் பொன்னும் இருந்தால் போதும் என்று 1957 இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படியானால் நோட்டைத் தாங்கி நிற்பது எது? அரசாங்கத்தின் உத்தரவாதமும், அளவறிந்து நோட்டு வெளியிடும் கட்டுப்பாடுமே. வாழைமர நோட்டில் இல்லாமற் போனது இந்தக் கட்டுப்பாடுதான். நூறு என்னும் எண்ணைக் காப்பது எளிது; நூறு ரூபாய்க்குரிய மிளகைக் காப்பது அரிது. விலைவாசி உயர்வை ஆண்டுக்கு 4 விழுக்காட்டை ஒட்டி நிறுத்த வேண்டும் என்று 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு இலக்கு வகுத்திருப்பது, நோட்டின் வாக்கை எண்ணளவில் நிறுத்திவிடாமல் பொருளளவிலும் காப்பதற்கே.

இப்போது எங்கள் சோளக்காட்டுச் சந்தையிலும் கைப்பேசியைக் காட்டிப் பணம் கொடுக்கிறார்கள். காகிதம்கூட இல்லாத காலம் வரலாம். அப்போதும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்கத் தவறாதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பாட்டியாரின் சுருக்குப் பையிலோ பழைய நோட்டு ஒன்று கிடைத்தால், எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்து, நீர்க்குறியையும் கையொப்பத்தையும் மொழிகளையும் படியுங்கள்; அது எப்படி வீட்டிற்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். கடைக்குச் சென்று ஏதும் வாங்க முடியாத அந்த நோட்டு, உங்கள் குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தைத் தரும்.